ஸ்பானிய 'யா'வுக்கு எத்தனை பொருள்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். மொழி கற்கும் செயலியில் 'யா' என்றால் 'ஏற்கெனவே' என்று படித்துவிட்டு ஒரு ஸ்பானியத் தொடர் பார்க்க உட்கார்ந்தீர்கள். அம்மா பையனைப் பார்த்து 'யா!' என்று கத்துகிறார், பையன் 'யா போய், யா போய்' என்கிறான், அடுத்த காட்சியில் ஒருத்தி அழுதுகொண்டே 'யா நோ' என்கிறாள். எந்த இடத்திலும் 'ஏற்கெனவே' ஒட்டவில்லை. இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள், ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். இந்தச் சொல் உங்களைப் படுத்துவதற்குக் காரணம் ஸ்பானியம் அல்ல, நடுவில் நிற்கும் ஆங்கிலம். செயலி ஆங்கிலம் வழியாகச் சொல்லித் தருகிறது, ஆங்கிலத்தில் இதற்குச் சரியான ஜோடி கிடையாது, அதனால் இடத்துக்கு ஒரு சொல்லாகப் பத்துச் சொல்லைக் கொடுத்து மழுப்புகிறது. தமிழிலிருந்து நேராகப் போனால் பாதித் தூரம் தானாகவே குறைந்துவிடும். நான் வகுப்பு எடுக்கும்போது முதல் நாளே 'ஏற்கெனவே'யை மறந்துவிடுங்கள், 'ஆச்சு' என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் ஆரம்பிப்பேன். முழுக்கச் சரி இல்லை, ஆனால் தொடங்குவதற்கு அதுதான் நல்ல இடம்.

ஸ்பானிய அரச கழகத்தின் அகராதியைப் புரட்டினால் 'யா' கடந்த காலத்தைக் குறிக்கும், நிகழ்காலத்தைக் குறிக்கும், எதிர்காலத்தையும் குறிக்கும் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். ஒரே சொல் மூன்று காலத்துக்கும் எப்படி வரும் என்று குழம்ப வேண்டாம். அது காலம் காட்டும் சொல்லே இல்லை, காலத்தைக் காட்டுவது வினைச்சொல்லின் வேலை. 'யா' செய்வது ஒன்றுதான்: இதுவரை ஒரு நிலை இருந்தது, அது மாறிவிட்டது, அல்லது இதோ மாறப் போகிறது என்று சொல்வது. அதோடு இன்னொரு குறிப்பும் உண்டு. அந்த மாற்றத்தை யாரோ ஒருவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது அது இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நினைக்கவில்லை. நாம் இதைத் தனிச்சொல்லால் சொல்வதில்லை, வினையின் வாலில் ஒட்டிவிடுகிறோம்.

மணி சொல்வதையே பாருங்கள். 'சோன் லாஸ் ஓச்சோ' என்றால் மணி எட்டு, அவ்வளவுதான். கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறீர்கள். 'யா சோன் லாஸ் ஓச்சோ' என்றால் மணி எட்டாயிடுச்சு. அதாவது கிளம்பணும், குழந்தையை எழுப்பணும், கடை மூடிவிடுவார்கள், ஏதோ ஒன்று. பையனுக்குப் பத்து வயது என்பதற்கும் பத்து வயசாயிடுச்சு என்பதற்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் 'யா'. 'தெங்கோ திரபாஹோ' என்றால் எனக்கு வேலை இருக்கிறது, 'யா தெங்கோ திரபாஹோ' என்றால் வேலை கிடைச்சாச்சு. வினை இரண்டிலும் அதே நிகழ்காலம்தான், ஒரு எழுத்துகூட மாறவில்லை. 'யா எந்தியெந்தோ' என்று ஒருவர் சொன்னால் அதை 'ஏற்கெனவே புரிகிறது' என்று மொழிபெயர்ப்பது அபத்தம், 'ஓ, புரிஞ்சிடுச்சு' என்பதுதான் அது.

இதன் முழு வடிவத்தைப் பார்க்க இன்னொரு சொல்லைப் பக்கத்தில் வைக்க வேண்டும்: 'தொதவீயா', அதாவது 'இன்னும்'. இந்த இரண்டும், கூட 'நோ' என்ற இல்லையும் சேர்ந்தால் நான்கு மூலைகள் கிடைக்கும். ஸ்பெயினின் வடக்கே பில்பாவோ போன்ற ஊரில் மழை எப்போது வரும், எப்போது விடும் என்றே சொல்ல முடியாது என்பதால் மழையையே எடுத்துக்கொள்வோம். காலையிலிருந்து வானம் மூடிக் கிடக்கிறது, 'தொதவீயா நோ யுயேவே', இன்னும் மழை வரலை. பிறகு தூற ஆரம்பிக்கிறது, 'யா யுயேவே', மழை பிடிச்சிடுச்சு. ஒரு மணி நேரம் கழித்தும் நிற்கவில்லை, 'தொதவீயா யுயேவே', இன்னும் பெய்யுது. கடைசியில் 'யா நோ யுயேவே', மழை விட்டாச்சு. வெறும் 'நோ யுயேவே' என்றால் மழை இல்லை என்பது மட்டும்தான், முன்பு பெய்ததா என்று அது சொல்லாது. 'யா நோ' என்றதும் முன்பு பெய்தது, இப்போது இல்லை என்ற இரண்டு செய்தியும் வந்துவிடுகிறது. இந்த நான்கு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மீதி எல்லாம் இதன் பிள்ளைகள்தான்.

அந்த அழுத பெண்ணின் 'யா நோ' இதுதான். 'நோ தே கியேரோ' என்றால் உன்னை எனக்குப் பிடிக்கவில்லை, எப்போதும் பிடிக்காமலே இருந்திருக்கலாம். 'யா நோ தே கியேரோ' என்றால் ஒரு காலத்தில் பிடித்திருந்தது, இப்போது அது போய்விட்டது. இதில்தான் வலியே இருக்கிறது. வினையைச் சொல்லாமல் 'யா நோ' என்று மட்டும் நிறுத்துவதும் சகஜம். 'இன்னும் புகை பிடிக்கிறாயா?' என்றால் 'யா நோ', விட்டுட்டேன். சொற்களின் இடத்தையும் கவனியுங்கள். 'யா நோ ஃபூமோ', 'நோ ஃபூமோ யா' இரண்டும் ஒன்றுதான். ஆனால் எழுத்து நடையில் 'நோ யா' என்று திருப்பிப் போட்டு ஒட்டி எழுதினால் 'அது மட்டுமில்லை, அதற்கும் மேலே' என்று பொருள் வேறு பக்கம் போய்விடும். பத்திரிகைத் தலையங்கங்களில் இதைப் பார்ப்பீர்கள், பேச்சில் அரிது.

கடந்த காலத்தோடு வரும்போது மட்டும் ஒரு ஊர் விவகாரம் உண்டு. சாப்பிட்டாச்சு என்பதற்கு மாட்ரிட்காரர் பெரும்பாலும் 'யா எ கொமீதோ' என்பார், மெக்சிகோக்காரரோ லீமாக்காரரோ 'யா கொமி' என்பார். 'யா கொமீஸ்தே?' என்று லத்தீன் அமெரிக்காவில் யாராவது கேட்டால் நம் 'சாப்பிட்டாச்சா?'தான் அது, அச்சு அசல். மெக்சிகோவில் இதற்குப் பதில் சொல்லும்போது ஒரு வேடிக்கை: 'தொதவீயா நோ கோமோ' என்பார்கள். வினை நிகழ்காலம், 'இன்னும் சாப்பிடுவதில்லை' என்பது போலக் காதில் விழும், ஆனால் பொருள் 'இன்னும் சாப்பிடலை'. ஒருவர் வந்து சேரவில்லை என்பதற்கும் 'தொதவீயா நோ யேகா' என்று இதே பாணிதான். ஸ்பெயினில் பாடப்புத்தகம் படித்துவிட்டு மெக்சிகோ போகிறவர்கள் இங்கே ஒரு நொடி தடுமாறுவார்கள், தமிழ்க்காரர்கள் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. நம் 'வரலை'க்கும் காலம் என்று திட்டமாக ஒன்று கிடையாதே.

சரி, வினையே இல்லாத 'யா'. ஒருவர் அறைக்கு வெளியே நின்றுகொண்டு 'யா?' என்று கேட்கிறார், உள்ளே இருப்பவர் 'யா' என்கிறார். 'ஆச்சா?' 'ஆச்சு.' இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஓட்டப்பந்தயத்தில் 'பிரெபராதோஸ், லீஸ்தோஸ், யா!' என்று ஆரம்பிக்கச் சொல்வதும் இந்த யாதான், கோட்டைத் தாண்டும் அந்த நொடி. 'யா எஸ்தா' என்பதை ஸ்பெயினில் ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்பீர்கள் என்று சொல்ல முடியாது. ரத்தம் எடுக்கும் செவிலியர் ஊசியை உருவிவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தியபடி 'யா எஸ்தா' என்பார், முடிஞ்சுது, அவ்வளவுதான். கடைக்காரர் பையைக் கட்டிக் கையில் கொடுத்து 'யா எஸ்தா' என்பார். சமையல் குறிப்பு சொல்பவர் கடைசியில் உப்பைப் போட்டு 'இ யா எஸ்தா' என்று முடிப்பார். கீழே விழுந்து அழும் குழந்தையைத் தூக்கி முதுகைத் தடவிக்கொண்டே 'யா, யா, யா பாசோ' என்பார்கள். 'சரி சரி, போயிடுச்சு, ஒண்ணுமில்ல.' இந்த 'யா யா'வை அகராதியில் தேடிக்கொண்டிருக்காதீர்கள், நம் 'சரி சரி'க்கும் அங்கே பொருள் போட முடியாது.

ஆனால் 'யா எஸ்தா'வோடு 'பியென்' (நன்றாக) சேர்ந்தால் எச்சரிக்கை தேவை. 'யா எஸ்தா பியென்' என்பது நேராகப் பார்த்தால் 'இப்போது நன்றாக இருக்கிறது'. ஒருவர் காய்ச்சலிலிருந்து எழுந்துவிட்டார் என்றால் அந்தப் பொருளில் சொல்லலாம்தான். குரல் கொஞ்சம் உயர்ந்து, முகம் இறுகி வந்தால் அது 'போதும், நிறுத்து!' என்பது. நீங்கள் கேட்ட அந்த அம்மாவின் 'யா!'வும் இதே குடும்பம்.

இப்போது பையனின் 'யா போய்'. 'போய்' என்பது 'போகிறேன்' என்று பொருள்படும் ஸ்பானிய வினை (எழுத்தில் வே போல இருந்தாலும் ஒலியில் மென்மையான பே, தமிழில் எழுதும்போது நம் 'போய்' போலவே தெரிவது தற்செயல்). அம்மா கூப்பிடுகிறார், பையன் 'போகிறேன்' என்கிறான். நமக்கு இது தலைகீழ், கூப்பிட்டவரிடம் நாம் 'இதோ வர்றேன்' என்போம். ஸ்பானியத்தில் வருவது என்பது பேசுபவர் இப்போது நிற்கும் இடத்தை நோக்கி மட்டும்தான், வேறு எங்கே நகர்ந்தாலும் அது போவது. ஆக 'யா போய்' என்றால் 'இதோ வர்றேன்'. நம் 'இதோ'வைப் போலவே, எழுந்திருக்காமலே சொல்லலாம். இரண்டு தடவை சேர்த்துச் சொன்னால் இப்போதைக்கு எழுந்திருக்கப் போவதில்லை என்று அம்மாவுக்கும் தெரியும்.

இதன் மறுபக்கம் இன்னும் அழகு. கொலம்பியா, வெனிசுவேலா பக்கம் வீட்டை விட்டோ மேசையை விட்டோ கிளம்பும்போது 'யா பெங்கோ' என்பார்கள். நேர்ப்பொருள் 'இதோ வருகிறேன்', ஆனால் ஆள் போகிறார். ஆங்கிலம் வழியே படிப்பவர்களுக்கு இதை விளக்கக் கால் மணி நேரம் ஆகும். வாசலில் நின்று 'வர்றேன்' என்று சொல்லிவிட்டுப் போகும் நமக்கு எதற்கு விளக்கம்? ஸ்பெயினில் இதே இடத்தில் 'அஓரா பெங்கோ' என்பது அதிகம், 'அஓரா' என்றால் இப்போது. வெனிசுவேலாவில் 'யா பா' என்ற ஒன்றும் உண்டு. மற்ற ஊர்களில் 'இதோ வருது' என்று பொருள்படும் இது அங்கே பேசிக்கொண்டிருப்பவரைக் கையைக் காட்டி நிறுத்தும் சொல்: 'இரு இரு, ஒரு நிமிஷம்'.

எதிர்காலத்தோடு வரும் 'யா'தான் வெளியூர்க்காரர்களை அதிகம் ஏமாற்றுவது. 'யா பெரேமோஸ்', நேராகச் சொன்னால் 'பார்ப்போம்'. 'யா தே யமாரே', 'நான் கூப்பிடுறேன்'. நேர்முகத் தேர்வு முடிந்து வெளியே வரும்போது ஒருவர் இதைச் சொன்னால் நம் ஊர் 'நாங்களே கூப்பிடுறோம்' எவ்வளவு நம்பிக்கை தருமோ அவ்வளவுதான். மாற்றம் வரும், ஆனால் எப்போது என்று கேட்காதே, அவசரப்படுத்தாதே என்ற குறிப்பு அதற்குள் இருக்கிறது. இதே அமைப்பு ஆறுதலாகவும் வரும், மிரட்டலாகவும் வரும். 'யா அப்ரெந்தெராஸ்' என்று பாட்டி சிரித்துக்கொண்டு சொன்னால் 'போகப் போகக் கத்துக்குவே', அதையே ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் 'இரு, உனக்குப் பட்டாத்தான் தெரியும்'.

அடுத்தது பதிலாக வரும் 'யா'. இங்கே நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது வேறு காரணத்தால்: காதுக்கு அது ஆங்கில 'யா, யா' போலவே விழுகிறது. நம் அலுவலகங்களில் தலையை ஆட்டிக்கொண்டு சொல்கிற அந்த 'யா'வேதான் என்று நினைத்து ஒப்புதலாக எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்பெயினில் அது ஒப்புதல் அல்ல. கேள்விக்கு ஆமாம் என்பதற்கு 'சி', ஒரு திட்டத்துக்குச் சரி என்பதற்கு 'பாலே', நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, புரிகிறது, அது எனக்கும் தெரிந்ததுதான் என்பதற்கு 'யா'. நீங்கள் ஒரு யோசனை சொல்கிறீர்கள், எதிரில் இருப்பவர் 'யா…' என்று இழுக்கிறார். உடனே 'பெரோ' வரும் என்று காத்திருங்கள். 'யா, பெரோ…' என்பது நம் 'அது சரி, ஆனா…'. அந்த 'அது சரி'யை நம்பி யாரும் காரியத்தில் இறங்க மாட்டோம் இல்லையா, அதே கதை. இரண்டு யாவை அடுத்தடுத்து மெதுவாகச் சொன்னால், 'யா, யா', அது 'ஆமாமா, நம்பிட்டேன்' என்கிற நக்கல். சோகமான செய்தியைக் கேட்டுக்கொண்டே ஒருவர் தாழ்ந்த குரலில் 'யா…' என்றால் அது 'ம்ம்' கொட்டுவது, நக்கல் இல்லை. எல்லாம் குரலில்தான் இருக்கிறது; எழுத்தில், குறிப்பாக வாட்ஸாப்பில், தனி 'யா' வந்தால் அனுப்பியவர் கோபமாக இருக்கிறாரா இல்லையா என்று ஸ்பானியர்களே குழம்புவார்கள்.

அதே 'யா' சாண்டியாகோவிலிருந்து வந்தால் கதை மாறும். சிலேயில் அது முழுமையான 'சரி'. வெள்ளிக்கிழமைக்குள் கோப்பை அனுப்ப முடியுமா என்று கேட்டால் சிலேக்காரர் 'யா' என்பார், அனுப்பிவிடுவார். கொஞ்சம் நெருக்கமானவர் 'யா போ' என்பார்; அந்தப் 'போ' அவர்கள் எல்லாச் சொல்லின் வாலிலும் ஒட்டும் ஒன்று, நம் 'பா' மாதிரி. பெருவிலும் 'யா' என்றால் பெரும்பாலும் சரிதான். ஆகவே ஸ்பெயினிலும் சிலேயிலும் சக ஊழியர்கள் இருக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தால், யார் சொன்ன 'யா' என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

'யா லோ சே', 'தெரியும்'. 'யா லோ சபீயா', 'அப்பவே தெரியும்'. இவற்றின் முன்னால் 'சி' என்று ஒரு சின்னச் சொல்லைப் போட்டால் (இது 'ஆமாம்' அல்ல, தலையில் குறி இல்லாத வேறு சி) நம் 'அதான்' வந்துவிடும். 'சி யா தே லோ திஹே', 'அதான் அப்பவே சொன்னேனே'. இப்போது இந்த வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள், எந்த வீட்டிலும் கேட்கக்கூடியது: 'யா, யா, சி யா தே ஹே திச்சோ கே யா போய்.' நான்கு யா. முதல் இரண்டும் 'சரி சரி, காது கேட்குது', மூன்றாவது 'சொன்னாச்சு', நான்காவது 'இதோ'. மொத்தத்தில் 'சரி சரி, அதான் இதோ வர்றேன்னு சொல்லிட்டேன்ல'. (அந்த 'ஹே'யை 'எ' என்று மட்டும் உச்சரியுங்கள், எழுத்தில் இருக்கும் ஹ வாயில் வராது.) நான்கையும் 'ஏற்கெனவே' என்று போட்டு இதை மொழிபெயர்த்துப் பாருங்கள், செயலியின் மேல் உங்களுக்கு இருக்கும் மரியாதை எந்த நிலைக்குப் போகிறது என்று தெரியும்.

'யா கே' என்றால் 'ஆகையால்', 'என்பதால்' என்று படித்திருப்பீர்கள். சரிதான், ஆனால் 'போர்கே' என்ற வழக்கமான 'ஏனென்றால்' இருக்கும்போது இது எதற்கு? போர்கே புதுக் காரணத்தைச் சொல்கிறது. யா கே இரண்டு பேருக்கும் தெரிந்த, நடந்து முடிந்த ஒன்றைச் சாக்காக எடுத்துக்கொள்கிறது. 'யா கே எஸ்தாஸ் என் லா கொசீனா, த்ராயேமே அகுவா': சமையலறைக்குப் போனதுதான் போனே, அப்படியே எனக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டுவா. இந்த 'போனதுதான் போனே'யின் வேலையைச் செய்வது யா கே. இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. யாவின் மூலம் லத்தீன் 'இயாம்'. லத்தீனிலேயே 'என்பதால்' என்று பொருள்படும் 'குவோனியாம்' என்ற சொல்லுக்குள் அதே இயாம் உட்கார்ந்திருக்கிறது. ஆன காரியமே காரணமாகிவிடும் இந்த வழக்கம் ரோமானியர் காலத்தது. இயாமின் வாரிசுகள் வேறு இடங்களிலும் இருக்கிறார்கள்: பிரெஞ்சில் நாம் எல்லோரும் பயன்படுத்தும் 'தேஜா வூ'வின் ஜா, போர்த்துக்கீசிய 'ஜா', இத்தாலிய 'ஜா'. ஸ்பானியத்திலேயே 'ஒருபோதும் இல்லை' என்று பொருள்படும் 'ஹமாஸ்' என்பது 'இயாம் மாகிஸ்' என்ற இரண்டு சொல் ஒட்டியது. ஒன்றே ஒன்று மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. பழைய காவியமான எல் சித் பாட்டில் வீரனை அழைக்கும்போது 'யா கம்பெயதோர்' என்று வரும், அது அரபு மொழியின் விளிச்சொல் யா. இன்றைய பேச்சில் அது கிடையாது. நம் 'வாய்யா'வில் உள்ள யாவோடும் இதற்குச் சம்பந்தமில்லை, கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

கட்டளையோடு யா சேர்ந்தால் பொறுமை தீர்ந்துவிட்டது என்று பொருள். 'காயாதே யா', வாயை மூடு, போதும். அதனால்தான் இது தெருவில் இறங்கிய சொல்லாகவும் ஆனது. 1994 ஜனவரி 1 அன்று, வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த அதே நாளில், மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் ஆயுதம் ஏந்திய சபாதிஸ்தாக்கள் என்ற பழங்குடிக் கிளர்ச்சியாளர்களின் முழக்கம் 'யா பாஸ்தா', இனிப் பொறுக்க முடியாது. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில், தனிநாடு கேட்டு ஆயுதம் ஏந்திய எத்தா அமைப்பின் வன்முறைக்கு எதிராகத் திரண்ட குடிமக்கள் அமைப்புக்குப் பெயரே 'பாஸ்தா யா'. 2000-ஆம் ஆண்டு ஐரோப்பிய நாடாளுமன்றம் மனித உரிமைக்காகத் தரும் சகரோவ் பரிசு அதற்குக் கிடைத்தது. 2011 மே 15 அன்று ஸ்பெயின் நகரங்களில் ஆயிரக்கணக்கானோரைத் தெருவுக்குக் கொண்டுவந்த அமைப்பின் பெயர் 'தெமோக்ராசியா ரெயால் யா', உண்மையான ஜனநாயகம், இப்போதே. எதைக் கேட்டாலும் பின்னால் ஒரு யாவைப் போட்டால் அது கோரிக்கை அட்டைக்குத் தயார்: வீடு யா, சம்பளம் யா. 'இனியும் தள்ளிப்போடாதே' என்பதை ஒரே அசையில் சொல்லிவிடுகிறார்கள்.

மற்ற தொடர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'யா எரா ஓரா': இப்பவாவது வந்தியே, எவ்வளவு நேரம்! தாமதமாக வந்த பேருந்துக்கும் சொல்லலாம், நாற்பது வயதில் கல்யாணம் செய்துகொள்ளும் நண்பனுக்கும் சொல்லலாம். 'யா லோ கிரேயோ': பின்னே! சந்தேகமே இல்லை. 'யா தே தீகோ': ஸ்பெயின் இளைஞர்கள் பேச்சில் 'அதைக் கேளு!' என்று ஆமோதிப்பது, நேர்ப்பொருளைத் தேடிப் போகாதீர்கள். 'யா பேஸ்': பாத்தியா, இப்படித்தான். 'யா கிசியேரா யோ' அல்லது 'யா மே குஸ்தரீயா': எனக்கு மட்டும் ஆசை இல்லையா என்ன, நடக்கணுமே! லாட்டரி விழுந்துவிட்டதாமே என்று யாராவது கிண்டல் செய்தால் சொல்ல ஏற்றது. எழுத்தில் 'யா சேயா' என்று வந்தால் 'அது இதுவானாலும் சரி, அதுவானாலும் சரி' என்று பொருள், படிவங்களிலும் சட்ட வாசகங்களிலும் நிறைய வரும். அர்ஜென்டினாவிலிருந்து வரும் மின்னஞ்சலின் கடைசியில் 'தெஸ்தே யா, கிராசியாஸ்' என்று இருந்தால் முன்கூட்டியே நன்றி சொல்கிறார்கள்.

அர்ஜென்டினா என்றதும் உச்சரிப்பு. புவனோஸ் அயர்ஸிலும் உருகுவேயிலும் இது 'யா' அல்ல, 'ஷா'. 'ஷா எஸ்தா', 'ஷா போய்'. கொலம்பியா உட்படப் பல இடங்களில் அழுத்திச் சொல்லும்போது 'ஜா' போலக் கேட்கும். எல்லாம் ஒரே சொல்தான், பழகும்வரை தொடரை வசன வரிகளோடு பாருங்கள்.

மீதி இருப்பது எவ்வளவு சீக்கிரம் என்ற சிக்கல். மெக்சிகோவில் 'யா மெரோ' என்றால் 'கிட்டத்தட்ட ஆச்சு'. 'யா மெரோ யேகோ', 'வந்துட்டே இருக்கேன்', நம் ஆட்கள் குளியலறையிலிருந்து சொல்லும் அதே தொனி. அதைச் செல்லமாகச் சுருக்கி 'யா மெரீத்தோ' என்பார்கள். 1994 முதல் 2018 வரை தொடர்ந்து ஏழு கால்பந்து உலகக் கோப்பைகளில் கடைசிப் பதினாறு அணிகளுக்குள் வந்து அங்கேயே தோற்று வெளியேறிய தங்கள் அணியைப் பற்றி மெக்சிகோக்காரர்கள் பேசும்போது 'எல் யா மெரீத்தோ' என்று அதைப் பெயர்ச்சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள், கைக்கு எட்டி வாய்க்கு எட்டாத கதைக்கு ஒரு பெயர். கொலம்பியாவில் 'அஓரா' என்றால் பல நேரம் 'அப்புறம்' என்றுதான் பொருள், நிஜமாக இப்போதே வேண்டும் என்றால் 'யா' என்று சொல்ல வேண்டும். 'யா மீஸ்மோ' இன்னும் மோசம்: மாட்ரிட்டில் 'இந்த நிமிஷமே', ஆந்தலூசியாவில் 'சீக்கிரமே', அங்கே நவம்பரிலேயே கிறிஸ்துமஸ் யா மீஸ்மோ வந்துவிடும். புவர்த்தோ ரிக்கோவிலும் எக்வதோரிலும் அது 'கொஞ்ச நேரத்தில்', அந்தக் கொஞ்ச நேரத்துக்கு எல்லை கிடையாது. அங்கே குழாய் ரிப்பேர்க்காரர் 'யா மீஸ்மோ' வருவதாகச் சொன்னால் கதவருகே நிற்காதீர்கள், 'அ கே ஓரா?', எத்தனை மணிக்கு என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.